ஒரு லிட்டர் டீசலுக்குப் பத்தாயிரம் லிட்டர் காற்று

ஆல்கோ எஞ்சின்கள் ரயில் இழுத்த காலத்தில் திருச்சியிலோ ஈரோட்டிலோ பிளாட்பாரத்தில் நின்றவர்களுக்கு அந்தக் கரும்புகை மறந்திருக்காது. சிக்னல் கிடைத்ததும் டிரைவர் கைப்பிடியை ஒவ்வொரு நாட்ச்சாக ஏற்றுவார். எஞ்சின் ஒருமுறை குலுங்கும். கூரையிலிருந்து கன்னங்கரேலென்று புகை தூணாக எழும்பும். சில வினாடிகள் கழித்து மெல்லிய விசில் சத்தம் ஒன்று கிளம்பி மேலே மேலே ஏறிக்கொண்டே போகும். விசில் ஏற ஏறப் புகை வெளுக்கும். வண்டி வேகம் பிடிப்பதற்குள் புகைபோக்கிக்கு மேலே அனல் அலையைத் தவிர வேறெதுவும் தெரியாது.

எஞ்சின் பழசாகிவிட்டது, அதனால் புகைகிறது என்று பிளாட்பாரத்தில் பேசிக்கொள்வார்கள். பழுதே இல்லாத டபிள்யூ.டி.எம்.-2 என்ற ஆல்கோ எஞ்சினும் அப்படித்தான் புகைந்தது. 16 சிலிண்டர், 2,600 குதிரைத் திறன் கொண்ட அந்த எஞ்சினுக்குள் டீசல் முந்திக்கொண்டு வந்துவிட்டது, காற்று பிந்தி வந்தது. விசில் சத்தம் போட்டது காற்றைக் கொண்டுவரும் டர்போசார்ஜர். அது வேகம் பிடிக்கும்வரை சிலிண்டருக்குள் போன டீசலில் ஒரு பங்கு எரிய வழியில்லாமல் கரியாகிப் போனது. காற்று தாமதமாகும் அந்தச் சில வினாடிகளைச் சமாளிக்கப் பொறியாளர்கள் செய்துவைத்திருக்கும் வேலைப்பாடுகள்மீது எனக்குத் தீராத பிரியம். அவற்றில் சிலவற்றைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

முதலில் கணக்கு. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் டீசலின் எடை சுமார் 840 கிராம். ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.2 கிலோ. கணக்குப் போட்டால் ஒரு லிட்டர் டீசலுக்குப் பத்து கன மீட்டர், அதாவது பத்தாயிரம் லிட்டர் காற்று. அதுவும் கடைசித் துளி ஆக்ஸிஜன் வரை வீணாகாமல் பயன்பட்டால்தான். டீசல் எஞ்சினில் எண்ணெயும் காற்றும் முன்கூட்டியே கலந்து வருவதில்லை. பிஸ்டன் உச்சியை நெருங்கும் தருவாயில்தான் எண்ணெய் பீச்சப்படுகிறது. கலப்பதும் எரிவதும் அந்தக் கண்ணிமைப் பொழுதுக்குள் நடந்து முடிய வேண்டும். அந்த அவசரத்தில் காற்றின் ஒரு பகுதி எண்ணெயைச் சந்திக்காமலே போய்விடும். ஆகவே இன்னும் பாதி மடங்கு கூடுதலாகக் காற்று இருந்தால்தான் புகையில்லாமல் எரியும்.

டீசலைக் கூட்டுவது சுலபம். பம்ப் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளினால் போதும். காற்று அப்படி வராது. சாதாரண எஞ்சினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் வெற்றிடத்தை நிரப்ப, வெளியே இருக்கும் வளிமண்டலம் தன் அழுத்தத்தால் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவுதான் உள்ளே போகும். எஞ்சினின் சக்தியைக் கூட்ட வேண்டுமென்றால் சிலிண்டரைப் பெரிதாக்க வேண்டும், அல்லது இன்னும் வேகமாக ஓட்ட வேண்டும். மூன்றாவது வழி, காற்றைப் பிடித்து உள்ளே திணிப்பது.

திணிக்கும் கருவிகளில் மூத்தது எஞ்சினுக்காகப் பிறந்ததே இல்லை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்ற ஊரைச் சேர்ந்த ஃபிலாண்டர் ரூட்ஸ், ஃபிரான்சிஸ் ரூட்ஸ் என்ற சகோதரர்கள் 1860-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். டீசல் எஞ்சின் பிறக்க இன்னும் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்தது. இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊதத்தான் அவர்களுடைய ப்ளோயர் முதலில் பயன்பட்டது.

அதன் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே எட்டு என்ற எண்ணின் வடிவத்தில் இரண்டு சுழலிகள் அருகருகே இருக்கும். ஒன்றின் குண்டுப் பகுதி மற்றதன் இடுப்புக்குள் நுழைந்து வெளியேறும்படி இரண்டும் எதிரெதிராகச் சுழலும். எவ்வளவு நெருங்கினாலும் ஒன்றையொன்று தொடாது. கூட்டின் சுவரையும் தொடாது. இடையில் மயிரிழை இடைவெளிதான். இரண்டையும் முறை தவறாமல் வைத்திருப்பவை வெளிப்பக்கத்தில் எண்ணெயில் நனைந்து ஓடும் ஜோடிப் பல்சக்கரங்கள். பல் தேய்ந்து கொஞ்சம் விளையாட ஆரம்பித்தால் சுழலிகள் உரசிக்கொள்ளும், அதோடு ப்ளோயர் போயிற்று. உள்ளே உரசல் இல்லாததால் காற்றுப் பாதையில் எண்ணெயே தேவையில்லை. காற்று சுத்தமாகப் போகும்.

இன்னொரு விசேஷம், ரூட்ஸ் ப்ளோயர் தனக்குள் காற்றை அழுத்துவதே இல்லை. சுழலிக்கும் சுவருக்கும் நடுவே அகப்பட்ட காற்றை அப்படியே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. அழுத்தம் உண்டாவது வெளிவாயில்தான். அங்கே ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் காற்று, புதிதாகத் திறந்த பள்ளத்துக்குள் ஒரு கணம் பின்னோக்கிப் பாய்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு அடி, ஒரு அதிர்ச்சி. ப்ளோயருக்கே உரிய ஊளைச் சத்தத்துக்கு அதுவே காரணம். பின்னாளில் சுழலிகளை நேராக வார்க்காமல் திருகி வார்த்தார்கள், இரண்டு குண்டுக்குப் பதில் மூன்று குண்டு வைத்தார்கள். அப்போது வாய் சட்டென்று திறக்காமல் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லத் திறக்கும். அடி மழுங்கும்.

இந்தத் திருகிய மூன்று குண்டுச் சுழலிகளைப் பக்கவாட்டில் சுமந்துகொண்டு வந்ததுதான் ஜெனரல் மோட்டார்ஸின் 71 வரிசை டீசல். 1938-ல் வெளிவந்தது. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 71 கன அங்குலம், நம் கணக்கில் 1.16 லிட்டர். ஆறு சிலிண்டர் வைத்தது 6-71. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் படைவீரர்களை இறக்கிவிட்ட ஹிக்கின்ஸ் படகுகளில் ஓடியது இந்த 6-71 தான், 225 குதிரைத் திறனோடு.

அது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். நான்கு ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் காற்றை இழுத்துக்கொள்ள ஒரு முழு இறக்கமும், எரிந்த புகையை வெளியே தள்ள ஒரு முழு ஏற்றமும் உண்டு. இரண்டு ஸ்ட்ரோக்கில் இரண்டுமே கிடையாது. பிஸ்டன் இறங்கும்போதெல்லாம் வேலை, ஏறும்போதெல்லாம் அழுத்தம். பழைய புகை போகவும் புதுக் காற்று வரவும் பிஸ்டன் அடியில் திரும்பும் சிறு அவகாசம் மட்டும்தான். நிமிடத்துக்கு 2,100 சுற்று ஓடும்போது அந்த அவகாசம் ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு கூட இல்லை. அதற்குள் ஒரு சிலிண்டரைக் காலி செய்து மறுபடி நிரப்ப வேண்டும். ப்ளோயர் இல்லாவிட்டால் இந்த எஞ்சின் ஸ்டார்ட் கூட ஆகாது.

அந்த நிரப்புதல் எப்படி நடக்கிறது என்று பார்க்க, சிலிண்டரின் உள்ளுறையான லைனரை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். கீழ்ப்பகுதியில் சுற்றிலும் வரிசையாகத் துளைகள். அவை மையத்தை நோக்கி நேராக வெட்டப்படவில்லை. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். பிஸ்டன் இறங்கி வரும்போது முதலில் தலையில் உள்ள எக்ஸாஸ்ட் வால்வுகள் திறக்கும். அழுத்தம் சட்டென்று விழும். அதன் பிறகே பிஸ்டன் அந்தத் துளைகளைத் தாண்டிக் கீழே போகும். சுற்றிலும் ப்ளோயர் நிரப்பி வைத்திருக்கும் காற்று சாய்ந்த துளைகள் வழியே நுழைந்து, சுழன்றுகொண்டே மேலேறி, பழைய புகையைத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போய் வால்வு வழியே வெளியேற்றும். கீழே நுழைவு, மேலே வெளியேற்றம். வழி ஒன்றே, எதிரே வருவது எதுவுமில்லை. இறுதியில் மிஞ்சும் சுழற்சி டீசல் பீச்சும்போது கலப்புக்கு உதவும். துளையின் சாய்வில் இரண்டு வேலை முடிந்துவிடுகிறது. இந்த ஒரு சாய்வுக்காகவே அந்த லைனரை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இந்த எஞ்சினில் ப்ளோயர் காற்றை மாற்றிக் கொடுக்கிறதே தவிர, பெரிதாகத் திணிப்பதில்லை. கழுவித் துடைத்து ஒருமுறை நிரப்பிவிடும், அவ்வளவுதான். அதே 6-71 ப்ளோயரை அமெரிக்க டிராக் பந்தயக்காரர்கள் பழைய லாரிகளிலிருந்து கழற்றிக்கொண்டு போய் நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சினின் தலைமேல் மாட்டினார்கள். அங்கே அது உண்மையான சூப்பர்சார்ஜர் ஆகிவிட்டது. தானாகவே மூச்சிழுக்கத் தெரிந்த எஞ்சினுக்குள் அதன் கொள்ளளவுக்கும் மேலே காற்றைத் திணித்தது.

71 எஞ்சினின் அலறல் உலகப் பிரசித்தம். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு சிலிண்டரும் வெடிப்பதால், 2,100 சுற்றில் ஓடும்போது காதுக்கு 4,200 சுற்றில் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்போலக் கேட்கும். அதோடு ப்ளோயரின் ஊளையும் சேர்ந்துகொள்ளும். ப்ளோயரின் நுழைவாயில் ஒரு தகட்டுக் கதவும் உண்டு. சீல் கிழிந்து எண்ணெய் காற்றோடு சேர்ந்து போய்விட்டால், டீசலை நிறுத்தினாலும் எஞ்சின் தன் எண்ணெயையே குடித்துக்கொண்டு வேகம் ஏறிக்கொண்டே போகும். அப்போது டிரைவர் கைப்பிடியை இழுப்பார். கதவு விழுந்து காற்று அடைபடும், எஞ்சின் மூச்சில்லாமல் நிற்கும்.

ரூட்ஸின் பெருமை, எஞ்சின் சுற்றினால் அதுவும் சுற்றும் என்பது. கைப்பிடியைத் தொட்ட கணமே காற்று தயார். ஆனால் அந்தச் சுழற்சிக்கான சக்தி கிராங்க் ஷாஃப்டிலிருந்துதான் வருகிறது. திணிப்பு கூடக் கூட அது தின்னும் சக்தியும் கூடும். ஒரு எல்லைக்கு மேல் காற்று கொண்டுவந்த லாபத்தை அதைக் கொண்டுவந்த செலவே சாப்பிட்டுவிடும்.

எரிந்த டீசலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எக்ஸாஸ்ட் குழாய் வழியே வீணாகப் போகிறது. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்த ஆல்ஃபிரட் பியூகி என்ற பொறியாளரின் கண் அதன்மேல் விழுந்தது. அந்தப் புகையாலேயே ஒரு சக்கரத்தைச் சுற்றி, அந்தச் சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குக் கொடுக்கலாம் என்று 1905 நவம்பர் 16 அன்று ஜெர்மனியில் காப்புரிமைக்குப் பதிந்தார். அப்போதைய உலோகமும் அப்போதைய அமுக்கிச் சக்கரங்களும் அந்த எண்ணத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. பியூகி விடவில்லை. 1926-ல் பிராய்சன், ஹான்சஸ்டாட் டான்சிக் என்ற இரண்டு ஜெர்மன் பயணிக் கப்பல்கள் அவருடைய டர்போசார்ஜர்களோடு கடலில் இறங்கின. 1,750 குதிரைத் திறன் தரவேண்டிய எஞ்சின் 2,500 தந்தது. சிலிண்டர் ஒரு அங்குலம்கூடப் பெரிதாகவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டில் பியூகி கண்டுபிடித்தது இன்னும் நுணுக்கமானது. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் வரும் புகை சீரான ஓட்டமாக வராது. ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் ஒரு வீச்சாக வரும். எல்லாவற்றையும் ஒரே குழாயில் விட்டால் ஒரு சிலிண்டரின் வீச்சு அடுத்த சிலிண்டரின் வாயில் போய் மோதும். ஆறு சிலிண்டர் எஞ்சினில் 1-5-3-6-2-4 என்ற வரிசையில் வெடிப்பு நடக்கிறது. முன் மூன்று சிலிண்டரை ஒரு குழாயிலும் பின் மூன்றை இன்னொரு குழாயிலும் பிரித்து விட்டால், ஒவ்வொரு குழாயிலும் வீச்சுகள் 240 டிகிரி இடைவெளிவிட்டு வரும். ஒன்று போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்தது கிளம்பும். வீச்சின் வேகம் குலையாமல் சக்கரத்தில் போய் அடிக்கும். இரண்டு வீச்சுக்கு நடுவே குழாயில் அழுத்தம் தணியும்போது, புதுக் காற்று சிலிண்டரைக் கழுவிக்கொண்டு போகவும் வழி கிடைக்கும்.

இந்த நுணுக்கத்தைக் கண்ணால் பார்க்க அருங்காட்சியகம் தேடிப் போக வேண்டியதில்லை. நாமக்கல்லில் டர்போ மட்டுமே வேலை பார்க்கும் பட்டறை ஒன்றில், கழற்றிப் போட்டிருந்த லாரி டர்போவின் புகை நுழையும் வாயைப் பார்த்தேன். வாய்க்கு நடுவே இரும்பிலேயே வார்த்த ஒரு சுவர். ஒரு வாய் இரண்டாகப் பிரிந்து, இரண்டு பாதையும் சுருண்டு சுருண்டு சக்கரத்தின் விளிம்பு வரை தனித்தனியாகவே போகிறது. பியூகியின் 1925-ஆம் வருட யோசனை, கரி படிந்து, எண்ணெய்த் துணிக்குப் பக்கத்தில் கிடந்தது.

மெக்கானிக் நடுப்பகுதியை எடுத்து என் கையில் கொடுத்தார். ஒரே ஷாஃப்ட், இரண்டு முனையிலும் இரண்டு சக்கரம். ஒரு பக்கம் கருத்துக் கனத்த நிக்கல் கலவை. முழு லோடில் 600, 700 டிகிரிப் புகையில் சுற்றுவது. மறுபக்கம் வெள்ளையாக, லேசாக, அலுமினியம். அது வெளிக்காற்றை வாங்கும் பக்கம். அனலுக்கும் காற்றுக்கும் நடுவே நாலு விரற்கடை தூரம்தான். ஷாஃப்டை மேலும் கீழும் அசைத்தேன். ஆடியது. பேரிங் போய்விட்டதோ என்று கேட்டேன்.

“ஆயில் இல்லைன்னா மேலயும் கீழயும் கொஞ்சம் ஆடத்தாங்க செய்யும். அது ஒண்ணும் பண்ணாது. முன்ன பின்ன இழுத்துப் பாருங்க, அப்படி மட்டும் வரக்கூடாது” என்றார். இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

அந்த ஆட்டம் வேண்டுமென்றே விட்டு வைத்தது. உள்ளே பால் பேரிங் கிடையாது. ஒரு வெண்கலப் புஷ். அந்தப் புஷ்ஷுக்கு உள்ளேயும் எண்ணெய்ப் படலம், வெளியேயும் எண்ணெய்ப் படலம். ஷாஃப்ட் ஓடும்போது புஷ்ஷும் அதைவிடக் குறைந்த வேகத்தில் கூடவே சுற்றும். ஷாஃப்ட் உலோகத்தைத் தொடாமல் எண்ணெய்மேல் மிதக்கும். சக்கரத்தில் கடுகளவு எடை வித்தியாசம் இருந்தாலும் அந்த இரட்டைப் படலம் அதிர்வை வாங்கிக்கொள்ளும். லாரி டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று வரை போகும். வினாடிக்கு ஆயிரத்து அறுநூற்றுக்கும் மேல். எட்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் அந்த வேகத்தில் சுற்றினால் இறக்கையின் விளிம்பு வினாடிக்கு 400 மீட்டரைத் தாண்டும். நம் ஊர் வெயிலில் ஒலியின் வேகம் 350 மீட்டர் அளவுதான். இறக்கை காற்றை அழுத்துவதைவிட வீசி எறிகிறது என்பதுதான் சரி. வெளியே சுருண்டிருக்கும் அலுமினியக் கூட்டின் பாதை போகப் போக அகலமாகும். அகலமாக ஆகக் காற்றின் ஓட்டம் தணியும். தணிந்த வேகம் அழுத்தமாக மாறும்.

எண்ணெய் வெளியே கசியாமல் தடுப்பது பிஸ்டன் ரிங் மாதிரியான சின்ன வளையம் மட்டுமே. அது முழுக்க அடைப்பதில்லை. இரண்டு பக்கமும் உள்ள காற்றழுத்தமும் புகையழுத்தமும் எண்ணெயை உள்ளே தள்ளி நிறுத்துகின்றன. “டர்போ ஆயில் அடிக்குது, மாத்தணும்னு வண்டி வருமுங்க. பாதி வண்டிக்கு டர்போ நல்லாத்தான் இருக்கும், ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கும்” என்றார் அவர். அது சரியான கணிப்பு. ஃபில்டர் அடைத்தால் காற்று வரும் பக்கத்தில் வெற்றிடம் உண்டாகி, அதுவே எண்ணெயை வெளியே உறிஞ்சிவிடும். குற்றம் ஃபில்டருடையது, பழி டர்போமேல். எண்ணெய் திரும்பும் குழாய் தடியாகவும் செங்குத்தாகவும் இருப்பதும் இதனால்தான். பேரிங்கைத் தாண்டிய எண்ணெய் நுரைத்துப்போய் எந்தப் பம்பின் உதவியும் இல்லாமல் தன் எடையாலேயே கீழே வடிய வேண்டும்.

காற்றை அழுத்தினால் சூடாகும். 30 டிகிரிக் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், நல்ல டர்போவிலும் அது 115, 120 டிகிரியாகிவிடும். சூடான காற்று விரியும். எனவே அழுத்தம் இரண்டு மடங்கானாலும் சிலிண்டருக்குள் போகும் காற்றின் எடை ஒன்றரை மடங்கு சொச்சம்தான் கூடும். நடுவே இன்டர்கூலர் வைத்து 50 டிகிரிக்குக் குளிர வைத்தால் ஏறத்தாழ 1.9 மடங்கு கிடைக்கும். லாரியின் ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு ரேடியேட்டர்போல நிற்பது அதுதான்.

டர்போவின் குணத்தில் எனக்கு மிகவும் உவப்பானது மலையில் தெரியும். குன்னூருக்கும் உதகமண்டலத்துக்கும் இடையே நீலகிரி மலை ரயிலை இழுத்த ஒய்.டி.எம்.-4 எஞ்சின், ஆறு சிலிண்டர் ஆல்கோ டர்போ டீசல். உதகை 2,200 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் அந்த ஐந்தில் ஒரு பங்கை அப்படியே இழக்கும். டர்போ உள்ளதில் வேறு கதை. வெளிக்காற்று மெலிந்திருப்பதால் சக்கரத்தைத் தாண்டிய புகைக்கு எதிர்ப்பு குறைவு. புகை இன்னும் வேகமாக விரிந்து வெளியேறும். சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றும். மெலிந்த காற்றை இன்னும் அதிகமாக அள்ளிப் போடும். யாரும் எந்தத் திருகையும் திருப்பாமலே இழப்பில் பெரும்பகுதி ஈடாகிவிடுகிறது.

காற்று வரும் வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1952 இண்டியானாபோலிஸ் 500 பந்தயம் சாட்சி. கம்மின்ஸ் நிறுவனம் டர்போ வைத்த டீசல் காரை இறக்கியது. ஃபிரெட் அகபாஷியன் தகுதிச் சுற்றில் மணிக்கு 138.01 மைல் சராசரி வேகம் எடுத்து, மற்ற எல்லாக் கார்களுக்கும் முன்னால் முதல் இடத்தில் நின்றார். பந்தயத்தின் 200 சுற்றில் 71-வது சுற்றோடு கார் ஒதுங்கியது. காற்று வாங்கும் வாயைக் காரின் மூக்கில், தாழ்வாக வைத்திருந்தார்கள். முன்னால் போன கார்களின் டயர்கள் உதிர்த்த ரப்பர்த் துணுக்குகளை அது விழுங்கி விழுங்கி டர்போ அடைத்துக்கொண்டது.

இனி அந்தத் தாமதம். புகை இருந்தால்தான் டர்போ சுற்றும். நன்றாக எரிந்தால்தான் புகைக்கு வலு. காற்று இருந்தால்தான் நன்றாக எரியும். டர்போ சுற்றினால்தான் காற்று. வட்டத்துக்குள் நுழைய ஏதாவது ஒன்று முதலில் நடந்தாக வேண்டும். லாரிகளில் இதற்குச் செய்த ஏற்பாடு பொறுமை. டர்போவின் காற்றுக் குழாயிலிருந்து சிறுவிரல்கூட இல்லாத ஒரு மெல்லிய குழாய் டீசல் பம்பின் தலைக்குப் போகும். அங்கே ஒரு டயஃப்ரம். காற்றழுத்தம் வந்து அதை அமுக்கும்வரை, டிரைவர் பெடலை எவ்வளவு மிதித்தாலும் பம்ப் முழு டீசலைக் கொடுக்காது. அந்தக் குழாய் கழன்றால் வண்டி இழுக்காது. டிரைவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். இன்றைய வண்டிகளில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் பார்க்கிறது.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பொறுமை உதவாது. தானே மூச்சிழுக்கத் தெரியாத எஞ்சின் டர்போ விழிக்கும்வரை காத்திருக்க முடியாது. பெரிய கப்பல் எஞ்சின்கள் பெரும்பாலும் இரண்டு ஸ்ட்ரோக். அவற்றில் மின்சாரத்தில் ஓடும் துணை ப்ளோயர்கள் உண்டு. துறைமுகத்தில் மெதுவாக நகரும்போது அவை ஊதும். கடலுக்குப் போய் வேகம் பிடித்ததும் டர்போக்கள் பொறுப்பை வாங்கிக்கொள்ள, ப்ளோயர்கள் நின்றுவிடும். அது நல்ல ஏற்பாடு. கப்பலில் இடமும் மின்சாரமும் தாராளம்.

ரயிலில் இரண்டும் நெருக்கடி. ஜெனரல் மோட்டார்ஸின் ரயில் எஞ்சின் பிரிவாக இருந்த இ.எம்.டி. அதற்குக் கண்ட வழிதான், நான் பார்த்த டீசல் வேலைப்பாடுகளிலேயே மிக அழகானது என்பேன். நம் டபிள்யூ.டி.ஜி.-4, டபிள்யூ.டி.பி.-4 எஞ்சின்களில் இருப்பதும் அதுவே: 16 சிலிண்டர், 710 வரிசை, 4,000 குதிரைத் திறன், பெரும்பாலும் வாரணாசியில் உருவானவை. அதன் ஒற்றை டர்போ எஞ்சினின் ஒரு முனையில் உட்கார்ந்திருக்கும். டர்போவின் ஷாஃப்டுக்கும் கிராங்க் ஷாஃப்டுக்கும் நடுவே பல்சக்கர வரிசை. நடுவில் ஒரு சூரியப் பல்சக்கரம், அதைச் சுற்றி மூன்று கோள் பல்சக்கரங்கள், வெளியே உள்பக்கம் பல் வெட்டிய ஒரு வளையம். எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் டர்போ ஏறக்குறைய 18 சுற்று சுற்றும்.

அந்த வெளி வளையத்தைப் பிடித்து நிறுத்துவது ஒரு கிளட்ச். யாரும் மிதித்து இயக்குவதில்லை. உள்ளே சரிவான பள்ளங்கள், ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு உருளை. எஞ்சின் டர்போவைச் சுற்றும்போது உருளைகள் சரிவில் ஏறி இறுகிக்கொள்ளும், வளையம் அசையாது, எஞ்சினின் சக்தி முழுதும் பல்சக்கரங்கள் வழியே டர்போவுக்குப் போகும். அப்போது அது வெறும் ப்ளோயர்; ஸ்டார்ட் ஆகும் முதல் சுற்றிலிருந்தே காற்று கொடுக்கும். டிரைவர் நாட்ச்சை ஏற்ற ஏற்ற எக்ஸாஸ்ட் புகைக்கு வலு கூடும். மேல் நாட்ச்சுகளில் ஒரு கட்டத்தில், பல்சக்கரம் தள்ளுவதைவிடப் புகை தள்ளுவது அதிகமாகிவிடும். டர்போ எஞ்சினை முந்தும். அந்தக் கணத்தில் வளையத்தின் மேலிருந்த விசை திசை மாறும். உருளைகள் சரிவிலிருந்து இறங்கித் தளரும். வளையம் தன்போக்கில் சுற்ற ஆரம்பிக்கும். சைக்கிளில் இறக்கத்தில் பெடலை நிறுத்தியதும் ஃப்ரீவீல் விட்டுக்கொடுப்பதே இங்கேயும் நடக்கிறது. அதன் பிறகு எஞ்சினிடம் எந்தக் கடனும் வாங்காமல் டர்போ புகையிலேயே ஓடும். டிரைவர் நாட்ச்சை இறக்கினால் புகை தளரும், உருளைகள் மறுபடி இறுகும். ஒரு சென்சார் கிடையாது, ஒரு கம்பி கிடையாது. கேபினில் இருப்பவருக்கு எந்தக் கணத்தில் கைமாறியது என்றுகூடத் தெரியாது.

வண்டி நின்ற பிறகும் அந்த டர்போவுக்கு ஒரு கவனிப்பு உண்டு. எஞ்சினை அணைத்ததும் அதன் எண்ணெய்ப் பம்பும் நின்றுவிடும். ஆனால் டர்போவின் அனல் மெல்ல மெல்லப் பேரிங் பக்கம் ஊறும். அங்கே தங்கிய எண்ணெய் கருகினால் பேரிங் கெடும். அதற்காக மின்சாரத்தில் ஓடும் ஒரு தனிப் பம்ப், எஞ்சின் நின்ற பிறகும் அரை மணி நேரத்துக்கு எண்ணெயைச் சுற்றவிட்டு அனலை வாங்கிக்கொண்டிருக்கும். லாரியை அணைக்கும் முன் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடு என்று சொல்வதும் இதே காரணத்துக்குத்தான்.

இத்தனை நேர்த்திக்குப் பிறகும் ப்ளோயர் வீட்டுக்குப் போய்விடவில்லை. இ.எம்.டி. 1960-களின் நடுவில் ஒரே 16 சிலிண்டர் 645 எஞ்சினை இரண்டு விதமாக விற்றது. கிளட்ச் டர்போ வைத்த ஜி.பி.40, 3,000 குதிரைத் திறன். ஜோடி ரூட்ஸ் ப்ளோயர் வைத்த ஜி.பி.38, 2,000 குதிரைத் திறன். சிலிண்டர் அளவும் எண்ணிக்கையும் ஒன்றே. காற்று ஊட்டும் முறை மட்டும் வேறு. ஆயிரம் குதிரைத் திறன் வித்தியாசத்தைப் பார்த்தால் இரண்டாவதை யார் வாங்குவார்கள் என்று தோன்றும். ரயில் கம்பெனிகள் இரண்டையும் வாங்கின. யார்டுக்குள் பெட்டிகளை மாற்றிக் கோக்கும் எஞ்சின் பெரும்பாலான நேரம் கீழ் நாட்ச்சுகளிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். டர்போ தன் பலத்தைக் காட்டும் உச்சத்துக்கு அது போவதே அரிது. அங்கே டர்போவின் விலையும் பழுதுச் செலவும் எதற்கு? ஜி.பி.38-ன் அடுத்த பதிப்பான ஜி.பி.38-2 எஞ்சின்கள், 1970-களில் செய்தவை, வட அமெரிக்கச் சரக்கு யார்டுகளில் இன்னும் அந்த ஜோடி ப்ளோயர்களோடு ஓடிக்கொண்டிருக்கின்றன.